தள்ளக்காவும் குழிமுகக் காசும்

நாணயச்சாலையில் அவளுக்கு வைத்த பெயர் தள்ளக்கா. வேலை அப்படி. அச்சடித்த காசுகள் நீளமான பெல்ட்டில் ஓடி வரும். இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். தலைக்கு மேல் கண் கூசுகிற வெள்ளை விளக்கு. கோணல், கீறல், பாதி அடி, அச்சே படாத மொட்டை வில்லை என்று எது வந்தாலும் அதை விரலால் ஓரத்திலிருக்கும் தகரப் பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டும். தள்ளியதெல்லாம் உலைக்குப் போய் உருகிவிடும். மற்ற பெண்கள் வாயை மூடிக்கொண்டு தள்ளினார்கள். இவள் மட்டும் ஒவ்வொன்றுக்கும் "தள்ளு" என்று வாய்விட்டுச் சொல்லித் தள்ளினாள். காசுக்கு அது கேட்கவா போகிறது? பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டும், அதற்குத்தான்.

சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை நாக்கில் குடியேறிவிட்டது. தக்காளிக் கடையில் தள்ளு. வாடகைக்குப் பார்த்த வீடுகளில் ஜன்னல் கோணல், குழாய் கோணல், வீட்டுக்காரர் முகமே கோணல், தள்ளு. தம்பி தனக்குப் பிடித்த பெண்ணைக் கூட்டிவந்து காட்டியபோது, அவள் டம்ளரைப் பிடித்த விதம் சரியில்லை என்று தள்ளினாள். நல்லவேளையாகத் தம்பி அக்காவைத் தள்ளிவிட்டு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். "எல்லாரையும் தள்றீங்களே, உங்க வீட்டுக்காரரை மட்டும் எப்படி விட்டீங்க?" என்று யாராவது வாயைக் கிண்டினால், "அப்போ நான் வேலைக்குச் சேரல" என்பாள். அந்த மனிதர் இப்போது உயிரோடு இல்லை. இருந்தவரைக்கும் இந்தப் பதிலைச் சிரித்துக்கொண்டே கேட்டவர்.

ஓய்வு பெற்ற அன்று மேலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "இந்தம்மா கண்ணைத் தாண்டி ஒரு கெட்ட காசு ஊருக்குள்ள போனதில்ல" என்று பேசினார். மேலாளருக்கு அவள் யாரென்றே தெரியாது. பக்கத்தில் நின்றவர் காதில் ஓதியதைத்தான் திருப்பிச் சொன்னார். முந்தின மாதம் ஓய்வு பெற்ற காவலாளிக்கும் அதே வசனம்தான்: அவர் கண்ணைத் தாண்டி ஒரு திருடன் போனதில்லை. அதற்கு முன் சமையல்காரருக்கு என்ன சொன்னார் என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. தள்ளக்கா மட்டும் தனக்குச் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வேலை போயிற்று, புருஷன் போனார், மகள் தனிக்குடித்தனம் போனாள். அந்த ஒரு வசனம் மட்டும் அவளோடு தங்கியது. அதை வைத்துக்கொண்டுதான் அவள் அக்கம்பக்கத்தை ஆண்டாள்.

கெட்ட காசுக்கு விலை உண்டு என்று ஊருக்குத் தெரியவந்தது அதற்குப் பிறகுதான். கைபேசியில் எவனோ ஒருவன் சட்டைப் பித்தானைச் சரியாகப் போடத் தெரியாமல் உட்கார்ந்துகொண்டு, அச்சுப் பிழை உள்ள காசு வீட்டில் இருந்தால் நீங்கள் பெரிய ஆள் என்று சொன்னான். அவ்வளவுதான். ஊரே உண்டியலைக் கவிழ்த்தது. நேற்றுவரைக்கும் சில்லறையை எண்ணாமல் வாங்கிப் பையில் போட்டவர்கள் இன்று ஒவ்வொரு காசையும் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்கள். நாணயச்சாலையில் வேலை பார்த்த அம்மா ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவள் வீட்டு வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்தன.

தள்ளக்காவுக்கு இது தேன் குடித்த மாதிரி இருந்தது. ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டாள். லென்ஸ், சின்ன எடை மெஷின், காந்தம், ஒரு துண்டு வெள்ளைத் துணி. வந்தவர்களை உட்காரச் சொல்ல மாட்டாள்.

"இது தண்டவாளத்துல வச்சு ரயில் ஏறின காசு" என்பாள் ஒருவரிடம். "முகம் இப்படி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிருக்கு பாருங்க. மெஷின் மேலேருந்து நேரா அடிக்கும். இழுக்காது."

"இது அடுப்புல வெந்தது. கருப்பா இருந்தா பிழையாயிடுமா? அப்படின்னா என் தோசைக் கல்லும் பிழைதான்." பிறகு, "எடுத்துக்கிட்டுப் போங்க, கடையில குடுத்து உப்பு வாங்குங்க" என்று அனுப்பி வைப்பாள்.

ஆட்கள் முகம் தொங்கிப் போவார்கள். அதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு ருசி. ஆசைப்பட்டு வந்தவர்களை அவள் துளியும் மதிக்கவில்லை. "நான் குப்பைப் பெட்டியில தள்ளினதை இவனுங்க கண்ணாடிப் பெட்டியில வச்சுக் கும்பிடறானுங்க" என்பாள். உண்மையைச் சொன்னால் அவள் ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. ஆயுள் முழுக்க நல்ல காசாகப் பார்த்துப் பார்த்து ஊருக்கு அனுப்பியவளிடம் ஒரு மனிதன் வந்து, நல்ல காசைக் காட்டி, என்ன அழகாக அடித்திருக்கிறீர்கள் என்று சொன்னதில்லை.

ஆனால் அவளிடம் ஒரு சின்னக் கள்ளத்தனமும் இருந்தது. அவள் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருடம் போட்ட காசு என்றால், "இருக்கலாம், அப்போ இருந்தவளுங்க தூங்கியிருப்பாளுங்க" என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொள்வாள். ஓய்வுக்குப் பிந்தின வருடம் என்றால், "இப்ப இருக்கறதுங்க கைபேசி பார்க்குதுங்க, காசையா பார்க்குதுங்க" என்பாள். அவள் பெல்ட்டில் உட்கார்ந்திருந்த வருடங்களில் வந்த காசு என்றால் மட்டும் ஒரே பதில்தான்: வெளியில் வந்த பிறகு எவனோ கெடுத்தது. இதுவரைக்கும் வந்ததெல்லாம் நிஜமாகவே கெடுத்ததுதான் என்பதால் அவள் பொய் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

சந்தைத் தெருவில் பழைய காசு, தபால்தலை விற்கும் கடைக்காரர் ஒருவர் இருந்தார். குண்டான மனிதர், கழுத்தில் லென்ஸைத் தாலி மாதிரித் தொங்கவிட்டிருப்பார். கடைக்கு வந்து தொல்லை கொடுப்பவர்களிடம், "முதல்ல நாணயச்சாலை அக்காகிட்டக் காட்டுங்க. அவங்க தள்ளிட்டா இந்தப் பக்கமே வராதீங்க" என்று சொல்லிவிடுவார். அவருக்கு வேலை மிச்சம். தள்ளக்காவுக்கு மரியாதை லாபம்.

இனி மாப்பிள்ளை. தள்ளக்காவின் ஒரே மகளைக் கட்டியவர். காசு போட்டால் டீயும் பிஸ்கட்டும் கொடுக்கிற இயந்திரங்கள் மருத்துவமனையிலும் பேருந்து நிலையத்திலும் நிற்குமே, அவற்றைப் பழுது பார்ப்பது அவர் வேலை. மகள் அவரை முதன்முதலாகக் கூட்டிவந்த அன்று தள்ளக்கா ஏற இறங்க ஒரு தடவை பார்த்தாள். மகளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"விளிம்பே சரியில்லடி" என்றாள்.

மனிதனுக்கு ஏது விளிம்பு என்று மகள் கேட்கவில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள், கேட்டுப் பயனில்லை என்று தெரியும். கட்டிக்கொண்டாள். ஆனால் சமையலறைக் கதவு மெல்லிய பலகை. வெளியே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவர் காதில் அந்த வார்த்தை விழுந்துவிட்டது. சூடு சொரணை உள்ளவனாக இருந்தால் அதன் பிறகு அந்த வாசற்படியை மிதித்திருக்க மாட்டான். மாப்பிள்ளை வேறு ரகம். அத்தை வாயால் ஒரே ஒரு தடவை "சரி" என்று வாங்கிவிட வேண்டும் என்று மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டார். காசு ஆசை, பேராசை எல்லாம் கிடையாது. மாமியார் வாயிலிருந்து ஒரு "சரி". உலகத்தில் மனிதர்கள் எதற்கெல்லாம் ஏங்குகிறார்கள் பாருங்கள்.

இயந்திரங்களின் காசுப் பெட்டியைத் திறப்பதும் அவர் வேலையில் சேர்ந்தது என்பதால், விசித்திரமாக எது கண்ணில் பட்டாலும் பெட்டிக்குள் தன் காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மகளோடு வரும்போது கைக்குட்டையை அவிழ்த்து மேஜைமேல் வைப்பார். அந்த நிமிடம் அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். தள்ளக்காவுக்கு இருக்காது.

இரண்டு பக்கமும் தலை உள்ள காசு ஒன்றைக் கொண்டுவந்தார். "பூவே இல்ல அத்தை, ரெண்டு பக்கமும் தலை."

"ரெண்டு காசைக் கடைஞ்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணைச் சொருகினது. விளிம்புக்கு உள்பக்கம் நகத்தை ஓட்டிப் பாருங்க. தடுக்குதா?"

மாப்பிள்ளை நகத்தை ஓட்டினார். தடுத்தது. "சரி அத்தை" என்றார்.

அடுத்து ஒல்லியான காசு ஒன்று. "அமிலத்துல ஊறினது. எடை பாருங்க, பாதிதான் இருக்கு." அதற்கடுத்து, முகத்தின்மேல் இன்னொரு முகம் குழிந்து பதிந்த காசு. "இது வைஸ் வேலை. ரெண்டு காசை ஒட்டவச்சு இரும்புப் பட்டறையில வைஸ்னு இருக்கற பெரிய இடுக்கியில பிடிச்சு நெருக்கியிருக்கான். இந்தப் பக்கம் குழி விழும்போது அந்தப் பக்கம் நசுங்கும். நசுங்கியிருக்கா? அப்புறம் குழிக்கு அடியில பாருங்க, பழைய பூ இன்னும் லேசாத் தெரியுது. மெஷின்ல நடந்திருந்தா பூ வந்தே இருக்காது."

மாப்பிள்ளை எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். கேட்டதை மறக்கவும் மாட்டார். டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் மகள் சமையலறையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவையாவது நல்லா இருக்குன்னு சொல்லேம்மா. அவர் விக்கறதுக்காகவா கொண்டு வர்றார்?"

"நல்லா இருந்தாத்தானேடி சொல்றதுக்கு."

"உனக்கு எதுதான் நல்லா இருந்துச்சு?"

கேள்வியே கோணல் என்பது தள்ளக்காவின் எண்ணம்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கைக்குட்டையை அவிழ்த்து ஒரு காசை வைத்தார். மருத்துவமனைக் கூடத்தில் நிற்கிற இயந்திரத்தின் தொண்டையில் அந்தக் காசு சிக்கியிருந்ததாம். இயந்திரம் அதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. இடுக்கி போட்டு எடுத்திருக்கிறார். ஒரு பக்கம் ஒழுங்கான தலை, புடைத்துக்கொண்டு, மூக்கும் முழியுமாக. திருப்பினால் பூ இருக்க வேண்டிய இடத்தில் அதே தலை குழிந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி இருந்தது.

இப்படி ஒரு பிழை நாணயச்சாலையில் நடப்பதுண்டு. அடித்த காசு கீழே விழாமல் மேல் அச்சோடு ஒட்டிக்கொண்டுவிடும். அடுத்து வருகிற வில்லையின் ஒரு பக்கம் வழக்கம்போலத் தலை பதியும். மறு பக்கம் அச்சில் படாமல், ஒட்டிக்கொண்டிருக்கிற காசின் தலைமேல் மோதும். மோதின இடத்தில் தலை குழியாக விழும். அங்கே இதைக் குழிமுகம் என்பார்கள். எப்போதோ ஒரு தடவை வரும். பெல்ட்டில் குழிமுகம் போவதைக் கண்டுபிடிக்காதவள் அந்த வேலைக்கே லாயக்கில்லை என்று தள்ளக்கா புதுப் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள்.

காசை வாங்கி லென்ஸில் பிடித்தாள். குழிக்கு அடியில் பூவின் தடம் எங்கேயும் இல்லை. புடைத்த பக்கம் எதுவும் நசுங்கவில்லை. தலைமயிர்க் கோடு ஒவ்வொன்றும் எண்ணலாம்போல நின்றது. எடை சரியாக இருந்தது. வருடத்தைப் பார்த்தாள். அவள் வருடம்தான்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கோடு கண்ணில் பட்டது. தாடையிலிருந்து விளிம்புவரை மயிரிழை மாதிரி ஒரு புடைப்பு. அவளுக்கு அதைத் தெரியும். அச்சில் விரிசல் விட்டால் அந்த அச்சில் அடிக்கிற காசில் எல்லாம் அப்படி ஒரு கோடு விழும். அந்த விரிசலுக்காக அவள் மெக்கானிக்கோடு வாய்ச்சண்டை போட்டவள். புது அச்சு வருகிறவரைக்கும் ஓட்டலாம், கோடு யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று மேற்பார்வையாளர் மூக்கை நுழைத்துத் தீர்ப்புச் சொன்னார். அன்று ஒரு ஷிப்ட் மட்டும் அந்தக் காசுகள் ஓடின. ஓடியது அவள் உட்கார்ந்திருந்த பெல்ட்டில். எதிரே உட்காருகிறவள் அன்று விடுப்பு. காசைத் திருப்பினாள். குழிந்த முகத்தின் தாடையிலும் அதே கோடு, பள்ளமாக. எந்தக் களவாணியும் வைஸில் வைத்து நெருக்குவதற்கு அதே விரிசல் உள்ள இரண்டாவது காசைத் தேடிப் பிடித்திருக்க முடியாது.

ஆக, நிஜம். சந்தேகத்துக்கு இடமே இல்லாத நிஜம். அவள் கண்ணுக்கு முன்னால் ஓடி, அவள் விரலுக்குத் தப்பி, ஊருக்குள் போன கெட்ட காசு. தள்ளக்காவுக்கு அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இதைச் சரி என்றால் அந்த மேலாளர் வசனம் போயிற்று. வசனம் போனால் மேஜை போயிற்று. நாளைக்கே எவளாவது வாசலில் நின்று, "அக்கா, உங்ககிட்டேயே ஒண்ணு தப்பிச்சிடுச்சாமே" என்று கேட்பாள்.

ஒருத்தி வாழ்நாளில் ஒரு தடவை கண் இமைத்திருக்கக் கூடாதா? தும்மியிருக்கக் கூடாதா? யாரும் அவளைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பிறத்தியார் இமைத்ததற்கெல்லாம் ஆயுசு பூராவும் நாக்கைச் சுழற்றியவளுக்குத் தன் இமைப்பு ஒன்றை மன்னித்துக்கொள்ளத் தெரியவில்லை.

"வைஸ் வேலை" என்றாள்.

மாப்பிள்ளை காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, அந்த வீட்டில் முதன்முறையாக, எதிர்த்து ஒரு வார்த்தை பேசினார். "பூவோட அடையாளமே இல்லையே அத்தை. நெருக்கினா அடியில தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க."

"தேய்ச்சு எடுத்திருப்பான்."

"தேய்ச்சா எடை குறையுமே. எடை சரியா இருக்கு. இந்தப் பக்கமும் நசுங்கல."

மனிதர் ஒன்று விடாமல் கற்றுக்கொண்டிருந்தார். வேறு யாராவது இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். தள்ளக்காவுக்குக் காது சூடாயிற்று.

"பெல்ட்டுல நான் உட்கார்ந்தேனா, நீங்க உட்கார்ந்தீங்களா?"

"நீங்கதான் அத்தை."

"அப்புறம் என்ன?"

"சரி அத்தை" என்றார். காசை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். "பொய்யா இருந்தாலும் பார்க்க அழகா இருக்கு. ஓட்டை போட்டு வண்டிச் சாவியில மாட்டிக்கட்டுமா?"

ஓட்டை விழுந்த காசைச் சேகரிப்பவன் எவனும் தொடமாட்டான் என்பது தள்ளக்காவுக்குத் தெரியும். மேஜைக்கு வருபவர்களிடம், காசை எலுமிச்சை போட்டுக் கழுவினால்கூட விலை போய்விடும் என்று திட்டி அனுப்புகிறவள் அவள். இப்போதும் வாய் திறந்திருக்கலாம். வேண்டாம் மாப்பிள்ளை, இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை. ஆனால் ஓட்டை விழுந்தால் கடைக்காரர் கண்ணுக்குப் போகாது, போனாலும் மதிக்கமாட்டார் என்கிற கணக்கு அவள் மனதுக்குள் ஓடியது. வெட்கக்கேடான கணக்கு. அவளே போட்டாள்.

"போட்டுக்குங்க" என்றாள்.

அடுத்த வாரம் சாவிக்கொத்து மேஜைமேல் கிடந்தது. குழிந்த முகத்தின் நெற்றியில் ஓட்டை. டீ வைக்கிறேன் என்று உள்ளே போன தள்ளக்கா, மகள் வந்து கூப்பிடும்வரை வெளியே வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தச் சாவிக்கொத்தின்மேல் செய்தித்தாளைப் போட்டு மூடிவிட்டு உட்காருவாள். மாப்பிள்ளை காசு கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். தான் கற்றதெல்லாம் தப்பு என்று முடிவு செய்துவிட்டார் போலிருந்தது. தள்ளக்கா அதைக் கவனித்தாள். நிம்மதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சந்தைத் தெருவில் ஒரு கடைக்கு மாப்பிள்ளை இயந்திரம் பழுது பார்க்கப் போனார். அடுத்த கடை அந்தக் குண்டு மனிதருடையது. பையை வைக்க இடம் கேட்டுச் சாவிக்கொத்தைக் கல்லாமேல் போட்டிருக்கிறார். கடைக்காரர் காசைப் பார்த்தார், கழுத்திலிருந்த லென்ஸை எடுத்தார், வியாபாரத்தையே மறந்தார். விசாரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே மாப்பிள்ளையையும் மகளையும் கூட்டிக்கொண்டு தள்ளக்கா வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்தவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தள்ளக்கா நன்றாகச் சமாளித்திருப்பாள். சண்டையில் அவள் சோடை போனதில்லை. அவர் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாவிக்கொத்தை மேஜைமேல் மெதுவாக வைத்தார்.

"அக்கா, இதை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"வைஸ் வேலைன்னு சொன்னீங்களாம்."

தள்ளக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

"இது சுத்தமான குழிமுகம் அக்கா. என் கடைக்கு இது வந்ததே இல்ல. ஓட்டையைப் போட்டு வச்சிருக்கார், இனிமே ஒண்ணும் பண்ணமுடியாது. அது போகட்டும்." குரலை இன்னும் தணித்தார். "கண்ணு எப்படி இருக்கு? என் மச்சினிக்கும் இப்படித்தான் மங்கலாத் தெரிஞ்சுது. ஆபரேஷன் பண்ணிக்கிட்டா, இப்ப ஊசியில நூல் கோக்கறா. டாக்டர் விலாசம் தர்றேன்."

"விடுங்கண்ணே" என்றாள் மகள். "அம்மாவுக்கும் வயசாகுதில்ல."

மாப்பிள்ளை அவசரமாக நடுவில் வந்தார். "அத்தை மேல தப்பு இல்ல. அன்னைக்கு மழை வெளிச்சம், ஒண்ணுமே சரியாத் தெரியல. யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க."

அவள் தப்பித்துக்கொள்ள ஒரு கதவை மூன்று பேரும் அகலத் திறந்து வைத்தார்கள். அவள் நுழைந்து போய்விட வேண்டியதுதான். ஆமாம், கண் கொஞ்சம் மங்கல்தான் என்று தலையை ஆட்டினால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். கடைக்காரர் விலாசம் எழுதிக் கொடுப்பார், மகள் டீ போடுவாள், மாப்பிள்ளை டம்ளர் கழுவுவார். தள்ளக்காவுக்கு இது புரியாமல் இல்லை. ஆனால் அந்த மூன்று முகங்களிலும் இருந்த பரிதாபத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் கண்ணுக்கா? அவள் கண்ணுக்கா ஆபரேஷன்?

லென்ஸைத் தொடவில்லை. சாவிக்கொத்தை எடுத்துக் கை நீட்டிய தூரத்தில் பிடித்தாள்.

"தாடைக்குக் கீழ ஒரு கோடு ஓடுது. அச்சு விரிசல். இந்தப் பக்கம் புடைப்பா இருக்கு, அந்தப் பக்கம் பள்ளமா இருக்கு. பூவோட தடம் இல்ல. நசுங்கல. என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகல. அன்னைக்கும் இதெல்லாம் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் பொய்னு சொன்னேன்."

"ஏன் அக்கா?" என்றார் கடைக்காரர்.

அவர் காசை வாங்கி வருடத்தைப் பார்த்தார். மனிதர் மண்டு இல்லை. "இது நீங்க பெல்ட்டுல இருந்த வருஷமில்ல? அப்போ அங்கேயே உங்க கண்ணுக்குத் தப்பி…"

"தப்பல" என்றாள் தள்ளக்கா. "அன்னைக்கும் பார்த்தேன். பார்த்துத்தான் விட்டேன்."

இதைவிடப் பச்சைப் பொய்யை அவள் பேசினதில்லை. அன்று அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் "தள்ளு" என்று கத்தியிருப்பாள், மெக்கானிக்கைக் கூப்பிட்டு மூக்குக்கு நேரே காட்டியிருப்பாள். எல்லாரையும் போல ஒரு நொடி அசந்திருந்தாள், அவ்வளவுதான் நடந்தது. அசந்தேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வளையவில்லை. வேண்டுமென்றே கெட்ட காசை ஊருக்குள் விட்டவள் என்று பெயர் வாங்கினாலும் சரி, வீட்டு மாப்பிள்ளையிடமே பொய் சொன்னவள் என்று பெயர் வாங்கினாலும் சரி, கண் தப்பினவள் என்ற பெயர் மட்டும் கூடாது. தன் நேர்மையை எடுத்துக் கண்ணுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்படி ஒரு வியாபாரத்தைச் சந்தைத் தெருவில் எந்த ஏமாளியும் செய்திருக்க மாட்டான்.

கடைக்காரர் எழுந்துகொண்டார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு அக்கா" என்றார். அதில் மரியாதை இல்லை. போய்விட்டார். ஆட்களை அவளிடம் அனுப்புவதை அன்றோடு நிறுத்தினார் என்பது பிறகு தெரிந்தது.

அறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள். மகள் அம்மாவைப் பார்க்காமல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஓட்டை போடலாமான்னு உங்களைக் கேட்டேனே அத்தை."

"கேட்டீங்க."

"அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் தலையை ஆட்டினார், வகுப்பில் கேட்டுக்கொள்கிறவர் மாதிரி. சாவிக்கொத்தை எடுத்து, வளையத்தை நகத்தால் பிரித்து, காசைக் கழற்றி வெள்ளைத் துணிமேல் வைத்தார். சாவியை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாங்க வர்றோம் அத்தை" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லாமலே கதவுப் பக்கம் நடந்தார்.

தள்ளக்காவுக்கு நெஞ்சுக்குள் என்னவோ இடிந்து விழுந்தது. அந்த மனிதர் பார்த்தது சரி, வாதாடினது சரி, கேட்டது சரி. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாக அவர் காத்திருந்த வார்த்தையை இப்போது சொல்லலாம். அவருக்குச் சேர வேண்டியதுதான். போகாதீங்க மாப்பிள்ளை, நீங்க சொன்னதுதான் சரி என்று சொல்லத்தான் எழுந்தாள். எழுந்தபோது கை காசைத் தொட்டது, கண் தன் வேலையைச் செய்தது.

"ஓட்டையைக்கூட நடுவுல போடலையே நீங்க" என்றாள்.

மாப்பிள்ளை திரும்பவில்லை. குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு, மகள் பின்னாலேயே வர, படி இறங்கிப் போனார்.